பத்துக்குப் பத்து ரூமில் ஒரு தியேட்டர்: தெரியுமா உங்களுக்கு?

ஸ்டீரியோ ஒலி பாட்டுக் கேட்பதற்காகப் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இல்லவே இல்லை. அது பிறந்தது சினிமாவுக்காக! 1931-ல் லண்டனில், இஎம்ஐ நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆலன் புளூம்லைன் என்ற இன்ஜினீயர் வருங்கால மனைவியோடு படம் பார்க்கப் போனார். புளூம்லைனுக்கு வயது இன்னும் முப்பதைத் தொடவில்லை. திரையில் நடிகர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து போகிறார். குரல் மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. மனுஷனுக்கு எரிச்சல். ஆள் போகிற பக்கம் குரலும் போக வழி இருக்கிறது என்று கூட வந்தவரிடம் சொன்னவர், அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பமே போட்டுவிட்டார். 1942-ல் ராடார் சோதனைக்குப் பறந்த விமானம் விழுந்து அவர் இறந்தபோது வயது 38. பெயரில் இருந்த காப்புரிமைகள் 128. அடேயப்பா!

குறைந்த செலவில் ஹோம் தியேட்டர் போட நினைக்கிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இதுதான். இரண்டே ஸ்பீக்கர் வைத்தால் அது தியேட்டர் ஆகாது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். டிவிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வையுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, உங்கள் நாற்காலிக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அவ்வளவே தூரம் இருக்கட்டும். சமபக்க முக்கோணம், எட்டாம் வகுப்புக் கணக்கு. இப்போது வசனம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள்: டிவியின் நட்ட நடுவிலிருந்து! அங்கே ஸ்பீக்கரே கிடையாது. இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வருகிற ஒலியை நம் மூளை நடுவில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுகிறது. இதற்குக் காசு கிடையாது. ஐந்து சொத்தை ஸ்பீக்கர் வாங்குகிற பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. மீதியைத் தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

சண்டிகரில் இருந்த டால்பி!

திரையில் டால்பி என்ற எழுத்து வந்ததும் விசில் அடித்திருப்போம். அந்த ரே டால்பி 1963 முதல் 1965 வரை நம் நாட்டில்தான் இருந்தார், தெரியுமா? யுனெஸ்கோ ஆலோசகராக வந்து, சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். இங்கிருந்து போன கையோடு, அதே 1965-ல் லண்டனில் தன் கம்பெனியைத் தொடங்கினார்.

ஒலி விஷயத்தில் கோடம்பாக்கம் எப்போதும் முந்திரிக்கொட்டைதான். டிடிஎஸ் ஒலியோடு வந்த முதல் இந்தியப் படம் 1996-ல் வந்த ‘கருப்பு ரோஜா’. டால்பி அட்மாஸில் வந்த முதல் இந்தியப் படம், 2012-ல் முப்பரிமாணத்தில் மறுபடி வந்த ‘சிவாஜி’. ஆரோ 3டி என்ற இன்னொரு ஒலி முறையை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது 2013-ன் ‘விஸ்வரூபம்’. மூன்றும் தமிழ்ப் படங்கள்! வீட்டில் நல்ல ஒலி வேண்டும் என்று தமிழன் ஏங்குவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இன்னொரு அதிசயம். படச்சுருள் காலத்தில் டால்பி டிஜிட்டல் ஒலி எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? சுருளின் ஓரத்தில் பல்சக்கரம் மாட்ட ஓட்டைகள் இருக்குமே, அந்த ஓட்டைகளுக்கு நடுவே! 1992-ல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ அப்படித்தான் வந்தது. மறு ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ வந்தபோது டிடிஎஸ்காரர்கள் அதையும் தாண்டிவிட்டார்கள். படச்சுருளில் நேரக் குறியீடு மட்டும். டைனோசரின் உறுமல் முழுக்கத் தனியாக சிடிகளில்!

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. அன்று அந்த ஓட்டைகளுக்கு நடுவே அச்சான அதே டால்பி டிஜிட்டல் 5.1-தான் டிவிடியில் வந்தது. இன்றைக்கு ஓடிடியில் வருவது அதன் அடுத்த தலைமுறை. பெரும்பாலான டிவிகள் அதைப் பழைய வடிவத்துக்கு மாற்றி வெளியே அனுப்பிவிடும். ஆக, 15 வருடத்துக்கு முந்தைய ஏவி ரிசீவர் ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது தூங்கிக்கொண்டிருந்தால், அது இன்றைய படத்தையும் ஜோராகப் பாடும். ஆப்டிகல் ஓட்டை ஒன்று இருந்தால் போதும். சிவப்பு வெளிச்சம் வருகிற அந்தச் சின்ன ஓட்டையை டோஷிபா நிறுவனம் அறிமுகப்படுத்தியது 1983-ல்! இன்றும் டிவிகளின் முதுகில் அது இருக்கிறது.

கண்ணைத் திறந்தால் காது மூடிக்கொள்ளும்

விலை உயர்ந்த ஸ்பீக்கர் நன்றாகத்தானே பாடும்? இந்தச் சந்தேகத்தை 1994-ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எங்கே? ஸ்பீக்கர் விற்கிற ஹார்மன் நிறுவனத்திலேயே! அங்கே வேலை பார்க்கும் 40 பேரை உட்காரவைத்து, நான்கு ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். இன்னொரு தடவை திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்டார்கள். நான்கில் ஒன்று சின்ன டப்பாக்களும் ஒரு சப்ஊஃபரும் கொண்ட மலிவான செட். திரை போட்டுக் கேட்டபோது அந்த மலிவான செட் நல்ல மார்க் வாங்கியது. திரையை விலக்கியதும் அதே ஆட்கள், அதே காதுகளோடு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். பெரிய, கம்பீரமான ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. ஒலியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கே இந்தக் கதி என்றால், கண்ணாடி ஷோரூமில் ஏசி காற்றில் நிற்கிற நாம் எம்மாத்திரம்?

கடைகளில் இன்னொரு வித்தையும் உண்டு. இரண்டு செட்டை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டும்போது ஒன்றை மட்டும் ஒரு டெசிபல் கூட்டிவைத்தால் போதும். சத்தம் கூடியிருப்பதே நமக்குத் தெரியாது, ஆனால் அந்த செட்தான் ‘கிளியராக’ இருப்பதுபோல் தோன்றும். “சார், ரெண்டையும் ஒரே சவுண்டுல வச்சுப் போடுங்க” என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பாட்டைவிட ஒரு பேச்சுக் காட்சியைப் போடச் சொல்லுங்கள். மனிதக் குரலைப் பிறந்த நாளிலிருந்து கேட்கிறோம். அதில் கோளாறு இருந்தால் காது உடனே சொல்லிவிடும். குண்டு வெடிப்பு நிஜத்தில் எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

மலிவு என்றால் மட்டம் என்று முடிவு கட்டுபவர்களுக்கு ஆண்ட்ரூ ஜோன்ஸ் கதையையும் சொல்லிவிட வேண்டும். டிஏடி என்ற உயர்ரகப் பிராண்டுக்காக, ஜோடி பல பத்தாயிரம் டாலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர் அவர். அதே மனிதர் 2012-ல் பயனியர் கம்பெனிக்காக வடிவமைத்த ஒரு குட்டி ஸ்பீக்கரின் விலை அமெரிக்காவில் ஜோடி 130 டாலர்! ஒலி உலகமே மூக்கில் விரல் வைத்தது. நல்ல ஸ்பீக்கரின் ரகசியம் தங்கமும் வெள்ளியும் அல்ல. வடிவமைத்தவன் தலையில்தான் அது இருக்கிறது.

மூவாயிரம் வாட்... நிஜமாகவா?

தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டர் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கிறதா? ‘3000 வாட் பிஎம்பிஓ’ என்று மின்னும். அந்த பிஎம்பிஓவை எப்படி அளப்பது என்பதற்கு ஒழுங்கான விதிமுறையே கிடையாது என்பது தெரியுமா? கம்பெனி எழுதியதுதான் கணக்கு! ஸ்டிக்கர் இன்று மாறியிருக்கிறது, கதை மாறவில்லை. மருந்து எளிது: பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியுள்ள தகட்டைப் படியுங்கள். ‘மின்சாரம் எடுப்பது 60 வாட்’ என்று அங்கே போட்டிருந்தால், முன்னால் எந்த எண் மின்னினாலும் அது தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் ஒலி தரவே முடியாது. ஈபி மீட்டரிலிருந்து எடுக்காததை அது எங்கிருந்து கொடுக்கும்?

சரி, உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹாலில் படத்தின் வசனத்தைக் கேட்க அரை வாட்கூடத் தேவையில்லை! வெடி, இடி, ரயில் வரும்போதுதான் ஆம்ப்ளி கொஞ்சம் மூச்சு வாங்கும். அதோடு, வாட் இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஐம்பது வாட் ஆம்ப்ளிக்கும் நூறு வாட் ஆம்ப்ளிக்கும் விலையில்தான் மலை அளவு வித்தியாசம், காதுக்கு மயிரிழை. ஸ்பீக்கரின் பெட்டியில் ‘சென்சிடிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும். 85-க்குப் பதில் 88 உள்ள ஸ்பீக்கரை எடுத்தால், ஆம்ப்ளியின் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன் அங்கேயே கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணைக் கேட்கிற வாடிக்கையாளர் எத்தனை பேர்?

நம்மூர் அசெம்பிள் ஆம்ப்ளிகளின் வரலாற்றையே ஒரு ஐசி சுமந்தது. சான்யோ நிறுவனத்தின் 4440. சென்னை ரிச்சி தெருவில் அந்த நம்பரைச் சொன்னால் தெரியாத கடைக்காரர் இருக்க முடியாது. அதன் அசல் சக்தி என்ன தெரியுமா? இரண்டு சானலாக ஓடினால் தலா 6 வாட். இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட். அவ்வளவேதான்! அதை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டுக் கூரை அதிர்ந்திருக்கிறது.

பஸ்ஸைவிட நீளமான அலை

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று என்ன? பாஸ் சானல். மற்ற ஐந்தும் 20,000 ஹெர்ட்ஸ் வரை பாடும். இது 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். இந்தப் பெயரை 1987-ல் முன்வைத்தவர் டாம்லின்சன் ஹோல்மன். உண்மையான கணக்கு ஏறத்தாழ 5.006 என்றுதான் வரும். வாயில் நுழைய வேண்டுமே! புள்ளி ஒன்று ஆகிவிட்டது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இத்தனூண்டு பங்குக்குத்தான் பெரிய பெட்டி, பெரிய கோன், தனி ஆம்ப்ளி, எல்லாம்!

ஏன்? 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் 17 மீட்டர். நம்மூர் டவுன் பஸ்ஸைவிட நீளம்! அத்தனை பெரிய அலையைக் கிளப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இதிலேயே நமக்கு ஒரு லாபமும் ஒளிந்திருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மனிதக் காதால் சொல்ல முடியாது. இரண்டு காதுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. நாலு மீட்டருக்கு மேல் நீண்ட அலை அங்கே என்ன வித்தியாசத்தைக் காட்டும்? ஆகவே சப்ஊஃபரை டிவி பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சோபாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், பீரோவுக்குப் பக்கத்தில் வையுங்கள், கேட்பது ஒன்றுதான்.

ஆனால் எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி கேட்காது! முன்னே சொன்னது திசையைப் பற்றி. இது அளவைப் பற்றி. ஒரே ரூமில் ஓர் இடத்தில் பாஸ் நெஞ்சில் இடிக்கும், இரண்டடி தள்ளி நின்றால் காணாமல் போயிருக்கும். சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் சில இடங்களில் சேர்ந்துகொள்ளும், சில இடங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். நம் கட்டடக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பத்துக்குப் பத்து ரூம் இருக்கிறதே, மேல்தளமும் பத்தடி உயரம் என்றால் அதைவிட மோசமான ரூம் ஒலிக்குக் கிடையாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று என்பதால் மூன்று திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸில் அதிர்வு எழும்பும். ‘தம்’ என்று வரவேண்டிய முரசு ‘தூம்ம்ம்’ என்று இழுக்கும். சப்ஊஃபர் மட்டம் என்று திட்டிக்கொண்டிருப்போம், குற்றவாளி ரூம்.

இதற்கு ஒலி இன்ஜினீயர்கள் செய்கிற வைத்தியத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சப்ஊஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே, சோபா மேல் வையுங்கள். பாஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிடுங்கள். பிறகு நீங்கள் தரையில் முழங்காலிட்டு, சுவரோரமாகக் குழந்தைபோல் தவழ்ந்து போங்கள். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாஸ் உப்பிக் குழைந்திருக்கும். ஜன்னலுக்குக் கீழே வற்றிப் போயிருக்கும். மூலையில் காதை அடைக்கும். ஓரிடத்தில் மட்டும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுத்தமாக விழும். அங்கேயே நில்லுங்கள். அதுதான் சப்ஊஃபரின் இடம்! ஒலி போகும் பாதையைத் திருப்பிப் போட்டாலும் பலன் மாறாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் பௌதிகம். செலவு: முழங்காலுக்குக் கொஞ்சம் தைலம். வீட்டில் விருந்தாளி இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது உத்தமம்.

நாற்காலியையும் கவனியுங்கள். ரூமின் நட்ட நடுவே உட்கார்ந்தால் பாஸ் வற்றும், பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் பொங்கும். பின்சுவரிலிருந்து ரூம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டுப் பாருங்கள். சோபாவை நகர்த்தக் காசா, பணமா?

அடுத்தது எதிரொலி. டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல், இதுதான் இன்றைய நம் வீடு. ஹால் நடுவே நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். ‘டிர்ர்’ என்று சிலிர்த்தால், லட்சம் ரூபாய் ஸ்பீக்கரும் அங்கே வசனத்தைக் குழப்பத்தான் செய்யும். 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே தலைவலி. புதிதாகக் கட்டிய ஒரு வகுப்பறையில் பேராசிரியர் ஒரு வார்த்தை பேசினால் அது அடங்க ஐந்தரை விநாடி ஆனது! வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். மெத்தையை வைத்தே ஒரு புது அறிவியல் பிறந்தது. கட்டட ஒலியியலில் இன்றும் அவர் வாய்பாடுதான்.

ஆக, தரையில் ஒரு தடித்த ஜமுக்காளம், ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாய்த் தொங்கும் கனத்த திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. சவுண்ட் பாரை மாற்றுவதற்கு முன் இவற்றைப் போட்டுப் பாருங்கள். முட்டை அட்டையை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள். அது பாஸையும் உறிஞ்சாது, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதையும் தடுக்காது, கரப்பான்பூச்சிக்குத்தான் குடியிருப்பு.

பிளேடும் பேட்டரியும்

ஸ்பீக்கர் வயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் உண்டு. வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும் என்பது தெரியுமா? ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரத்தில் இருந்தால், போக வர 10 மீட்டர் வயரின் தடை சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது தூசு. ஆனால் ஸ்பீக்கர் வயர் என்று விற்கும் கண்ணாடி உறை வயர்களில் ஒரு சூது உண்டு. வெளியே செம்பு நிறம் தகதகக்கும். “ஃபுல் காப்பர் சார்” என்பார் கடைக்காரர். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு நிறம் கழன்று உள்ளே வெள்ளையாகப் பளபளத்தால் அது அலுமினியம், செம்பு வெறும் முலாம். தடை ஒன்றரை மடங்கு. எச்டிஎம்ஐ கேபிளும் அப்படியே. தங்க முலாம் போட்டதால் படம் தங்கமாகத் தெரியாது. குறுகிய தூரத்துக்குச் சாதாரணக் கேபிளில் படம் வந்தால் அதுதான் முழுப் படம்.

பழைய ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு வயர் வைத்து, பேட்டரியின் பிளஸ் சிவப்பு முனையிலும் மைனஸ் கறுப்பிலும் ஒரு கணம் படும்படி தொடுங்கள். ‘டக்’ என்ற சத்தத்தோடு கோன் முன்னால் வரும். வந்தால் உயிரும் இருக்கிறது, பிளஸ் மைனஸும் சரி. உள்ளே போனால் யாரோ பிரித்து மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். ஒன்று சரியாகவும் ஒன்று தலைகீழாகவும் மாட்டிவிட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்; பாஸ் மாயமாகிவிடும், வசனம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. எத்தனையோ வீடுகளில் புது செட்டே இப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறது.

அப்படியே கோனின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில் தானாகவே உதிர ஆரம்பிக்கும். கோனின் நடுவை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்ளே ‘சரசர’ என்று உரசினால் காயில் போய்விட்டது, பேசாமல் வந்துவிடுங்கள். அமெரிக்காவிலிருந்து மச்சினன் கொண்டுவந்த ரிசீவர் என்றால் முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், நம் பிளக்கில் செருகிய நொடியே புகைதான். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடக்கூடாது.

டிவியைப் பற்றி இரண்டே வார்த்தை. 43 அங்குலத்துக்கும் 55 அங்குலத்துக்கும் வித்தியாசம் 12 அங்குலம்தானே என்று நினைக்கிறோம். பரப்பளவில் பார்த்தால் 60 சதவீதத்துக்கு மேல் பெரிது! ஆனால் 43 அங்குல டிவியை ஆறடிக்கு மேல் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், சராசரிக் கண்ணுக்கு ஃபுல் எச்டி புள்ளிக்கும் 4கே புள்ளிக்கும் வித்தியாசமே தெரியாது. புள்ளிக் கணக்கைக் காட்டினால் மயங்காதீர்கள். மலிவு புரொஜெக்டர்களிலும் இதே கூத்து. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம். ‘நேட்டிவ்’ என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளிச்சத்துக்கு ‘ஆன்சி லூமன்’ எண்ணை மட்டும் நம்புங்கள். திரையில் ஒன்பது இடத்தில் அளந்து சராசரி எடுப்பது அது. வெறும் ‘9000 லூமன்’ என்றால் பிஎம்பிஓவின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்மாஸ்? மேலே பார்த்துப் பாடி, கூரையில் மோதி ஒலியை இறக்கும் ஸ்பீக்கர்கள் வேலை செய்ய எட்டிலிருந்து பன்னிரண்டு அடி உயரத்தில் தட்டையான தளம் வேண்டும். கான்கிரீட் வீட்டுக்குச் சரி. ஓட்டு வீட்டில், சரிந்த கூரைக்குக் கீழே அதற்குக் கொடுக்கும் பணம் வீண். அந்தப் பணத்தை வசனம் பேசும் நடு ஸ்பீக்கருக்குக் கொடுங்கள் என்பேன்.

என்னைக் கேட்டால், டிவி போக இருக்கும் பணத்தில் பாதி முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு, கால் பங்கு சப்ஊஃபருக்கு, மீதிக் கால் பங்கில் ஆம்ப்ளி அல்லது பழைய ரிசீவர். பின் ஸ்பீக்கர்கள் பிறகு வரலாம். ஆனால் வராத ஸ்பீக்கரை ரிசீவர் மெனுவில் ‘இல்லை’ என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சானலில் வரும் ஒலியெல்லாம் காற்றோடு போகும். மெனுவில் ஸ்பீக்கர் தூரத்தை அடிக்கணக்கில் கேட்குமே, அது எதற்குத் தெரியுமா? ஒலி ஓரடி கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடி ஆகிறது. பக்கத்து ஸ்பீக்கரை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி, எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி அது பார்த்துக்கொள்கிறது. குத்துமதிப்பாகப் போடாமல் டேப் வைத்து அளந்து போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குப் பைசா செலவில்லை. பல டிவிகள் கடையிலிருந்து வரும்போதே ஒலி வெளியீடு ‘பிசிஎம்’ என்று வைக்கப்பட்டிருக்கும். ஆர்க் (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஓட்டை) வழியாகவோ ஆப்டிகல் வழியாகவோ அதில் இரண்டு சானல்தான் போகும். ஐந்து ஸ்பீக்கர் வாங்கி மாட்டியவர்களும் வருடக்கணக்கில் ஸ்டீரியோதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்! இன்றைக்கு ராத்திரியே ரிமோட்டை எடுங்கள். சவுண்ட் மெனுவில் ‘டிஜிட்டல் அவுட்புட்’ என்ற இடத்துக்குப் போய் ‘ஆட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று மாற்றுங்கள். கேபிள் எச்டிஎம்ஐ ஆர்க் என்று எழுதிய ஓட்டையில்தான் செருகியிருக்கிறதா என்று டிவியின் முதுகையும் ஒரு தடவை பாருங்கள். எல்லா ஓட்டையிலும் அந்த வசதி கிடையாது. இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு படம் பாருங்கள். புது செட் வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.